விசிறியில் ஒட்டிய கொட்டலசும் வாளியில் ஊற்றிய அமிலமும்

லைப்சிக் நகருக்குக் கடல் இல்லை. பால்டிக் கடலைக் காண்பதாயின் வடக்கே 350 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். எனினும் இந்நகரில் படகு வைத்திருப்போர் பலர் உளர். நகரின் தெற்கே பழுப்பு நிலக்கரி தோண்டிய பெருங்குழிகள் நீர் நிரப்பப்பட்டு ஏரிகளாகிவிட்டன. கொஸ்புடன் ஏரி 2000ஆம் ஆண்டிலும், மார்க்கிளேபெர்க் ஏரி 2006இலும், சுவெங்கவ் ஏரி 2015இலும் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. கரி அள்ளிய ஊர் இன்று பாய் விரிக்கும் ஊராக மாறியிருக்கிறது.

எமது தெருவில் வசிக்கும் ஜேர்மானிய அயலவர் ஒருவரிடமும் சிறிய இயந்திரப் படகு ஒன்று உண்டு. கோடையில் அது றொஸ்ரொக் நகரை அடுத்த கடலில் நிற்கும். குளிர் தொடங்குமுன் இழுவை வண்டியில் ஏறி வீட்டு முற்றத்துக்கு வரும். சென்ற ஐப்பசியில் அப்படி வந்தபோது, அதன் ‘புரொப்பெல்லர்’ என்னும் உந்துவிசிறி முழுவதும் வெள்ளை வெள்ளையாய்க் கொட்டலசு பற்றியிருந்தது. அயலவர் கையில் ஒரு போத்தல். மலகூடத்தின் காவி நீக்கும் அமிலத் திரவம் அது. வாளியில் ஊற்றி விசிறியை அதில் அமிழ்த்திவிட்டால், காலையில் பளிங்குபோல் ஆகிவிடும் என்றார்.

அவ்வேளை எம்முடன் நின்றவர் மயிலிட்டிப் பெரியவர். நாற்பது ஆண்டுகள் கடலை உழுதவர்; இப்போது மகளோடு எமது கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் வசிப்பவர். போத்தலைக் கண்டதும் அவர் எமது தோளைத் தட்டினார்.

“தம்பி, அந்தாளைப் பொறுக்கச் சொல்லும். விசிறி என்ன உலோகமெண்டு பாத்தவரோ எண்டு முதல்லை கேளும்.”

அன்று நாம் செய்தது மொழிபெயர்ப்பு வேலை மட்டுமே. ஆயினும் அந்த அரைமணி நேர உரையாடல், எம்மவர் வீடுகளிலும் வேலைத்தலங்களிலும் நாள்தோறும் திறக்கப்படும் போத்தல்களைப் பற்றி எழுதத் தூண்டிற்று. இவ்வாரப் பத்தி அதற்கே உரியது.

பற்றிக்கொண்டது யார்?

படகில் ஒட்டுவதையெல்லாம் நாம் பொதுவாகச் ‘சிப்பி’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் கொட்டலசு சிப்பி இனத்தைச் சேர்ந்ததன்று. இறால், நண்டு ஆகியவற்றின் உறவு. குஞ்சாக இருக்கும்போது நீரில் நீந்தித் திரியும். பின்னர் ஓரிடத்தைத் தெரிந்து, தலைப்புறத்தை அங்கே பசைபோட்டு ஒட்டிக்கொண்டு, சுற்றிவரச் சுண்ணாம்புச் சுவர் எழுப்பும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் இடப்பெயர்ச்சி இல்லை. பரிணாமக் கொள்கையால் பெயர்பெற்ற சார்ள்ஸ் டார்வின், 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகளை இந்தச் சிற்றுயிரை ஆராய்வதிலேயே செலவிட்டார். பால்டிக் கடலில் இன்று பெருகியிருக்கும் கொட்டலசு வகையும் அக்கடலுக்கு உரியதன்று. 19ஆம் நூற்றாண்டில் கப்பல்களின் அடியில் ஒட்டி வந்து குடியேறிய இனம் அது.

விசிறியின் இதழ் அளவிற் சிறியது. ஆயினும் இயந்திரத்தின் வலு முழுவதும் அவ்வழியாகவே நீருக்குச் செல்ல வேண்டும். இதழ் சொரசொரத்தால் எரிபொருள் வீணாகும். ஓரிதழில் கூடுதலாகவும் மற்றதிற் குறைவாகவும் படிந்தால் தண்டு நடுங்கும். நாளடைவில் அச்சும் அடைப்பும் தேயும்.

ஊரில் இந்தத் தொல்லை இவ்வளவாக இருக்கவில்லை. கட்டுமரத்தைத் தொழில் முடிந்ததும் கரையேற்றிக் காயவிடுவோம். கரைக்கு இழுத்த வள்ளத்தில் வெயிலே பாதி வேலையை முடித்துவிடும். நோர்வே உதவியுடன் காரைநகரில் எழுந்த சீநோர் படகுத்தளம் போன்றவற்றிலிருந்து கண்ணாடியிழைப் படகுகள் வந்த பின்னரும், வெளியிணைப்பு இயந்திரத்தைத் தூக்கி நிறுத்தும் வழக்கத்தால் விசிறி நீரில் ஊறிக் கிடப்பதில்லை. மாதக்கணக்காக நீரிலேயே கட்டிக்கிடக்கும் படகுக்குத்தான் இந்நோய்.

செம்பும் நாகமும்

மரக்கப்பல்களின் காலத்தில் இதற்குக் கண்ட மருந்து செம்புத் தகடு. பிரித்தானியக் கடற்படை 1761இல் ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்புறத்துக்குச் செம்புத் தகடு அடித்தது. செம்பு நீரில் சிறிது சிறிதாகக் கரையும். அக்கரைசல் கடலுயிர்களுக்கு நஞ்சு. ஆதலால் அவை ஒட்டுவதில்லை. ஆனால் தகடு தேய்ந்துகொண்டே போயிற்று. அதைத் தடுக்கும்படி விஞ்ஞானி ஹம்பிரி டேவியைக் கேட்டனர். 1824இல் அவர் செம்போடு இரும்பையோ நாகத்தையோ பொருத்தினார். அவை தம்மை அரிக்கக் கொடுத்துச் செம்பைக் காத்தன. செம்பு கரையாது நின்றது. செம்பு கரையாமையால் நஞ்சும் நின்றது. கப்பலடியிற் பாசியும் கொட்டலசும் முன்னிலும் மோசமாகப் பற்றிக்கொண்டன!

இன்றும் படகுத் தண்டில் ஒரு நாகத்துண்டு பொருத்தப்பட்டிருக்கும். வெண்கல விசிறி அரிபடாமல் இருப்பது அதனாலேதான். அதே விசிறியிற் கொட்டலசு தயங்காமல் ஏறுவதற்கும் அதுவே ஒரு காரணம். ஒன்றைக் காத்தால் மற்றொன்று வரும். எனவே ஆண்டுதோறும் துப்புரவு செய்வது தவிர்க்க முடியாதது.

வலிய அமிலம், மெலிய அமிலம்

கொட்டலசின் ஓடு கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்புக்கல். ஊரிலே சிப்பி சுட்டு எடுத்தோமே, அதே வகை. ஐதரோகுளோரிக் அமிலம் பட்டால் ஓடு நுரைத்துக் கரையும். வெளிவரும் வாயு காபனீரொட்சைட்டு. 100 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கச் சுத்த அமிலம் ஏறக்குறைய 73 கிராம் செலவாகும். 44 கிராம் வாயு போகும். கண்ணுக்கு இது அற்புதம்போல் தோன்றும். ஆனால் ஓட்டை உலோகத்தோடு இணைத்திருக்கும் பசை புரதத்தாலானது. அமிலம் அதை எளிதிற் கரைப்பதில்லை. ஓடு போய்விடும், அமிலம் அதன்பின் வெறும் உலோகத்தின்மீது தன் வேலையைத் தொடரும்.

எல்லா அமிலமும் ஒரே தன்மையினதன்று என்பதை அளந்து காட்டியவர் இந்த லைப்சிக் நகரிலே பேராசிரியராக இருந்தவர். 1853இல் றீகா நகரிற் பிறந்த வில்ஹெல்ம் ஒஸ்ற்வால்ட் 1887இல் இங்கு வந்தார். 1909இல் நோபல் பரிசு பெற்றார். வினாகிரியின் அமிலம் நீரில் மிகச் சிறு பகுதியே பிரிந்து செயற்படுகிறது. வீட்டு வினாகிரியில் ஆயிரம் மூலக்கூறுகளில் நாலைந்துதான் ஒரு நேரத்தில் பிரிந்து நிற்கும். ஐதரோகுளோரிக் அமிலமோ முற்றாகப் பிரிந்துவிடும். நீர் சேரச்சேர மெலிய அமிலம் எவ்வாறு பிரிகிறது என்பதை ஒரு விதியாக 1888இல் ஒஸ்ற்வால்ட் எழுதிவைத்தார். போத்தலில் ‘அமிலம்’ என்ற சொல்லை மட்டும் பார்ப்பது போதாது. எந்த அமிலம், எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

அமிலமும் சுண்ணாம்பும் மோதும் காட்சியை இந்நகர் பெரிய அளவிலும் கண்டிருக்கிறது. நிலக்கரிக் குழிகளின் மண்ணில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் உண்டு. காற்றும் நீரும் பட்டால் அதிலிருந்து சல்பூரிக் அமிலம் பிறக்கும். சுவெங்கவ் ஏரியின் நீர் அதனாலே புளித்தது. கப்பலில் சுண்ணாம்பு ஏற்றிச் சென்று ஏரியிற் கரைத்தே அந்நீரைச் சீர்செய்தனர்.

பெரியவர் தட்டிய தட்டு

மீண்டும் முற்றத்துக்கு வருவோம். “வெண்கலம்” என்றார் அயலவர். பெரியவர் சிரித்தார். படகுக் கடைகளில் வெண்கலம் என விற்கப்படும் விசிறிகளிற் பல உண்மையிலே பித்தளைதான். செம்போடு நாகம் பெருமளவிற் கலந்தவை. பெரியவர் குனிந்து ஓர் இதழை விரலாற் சுண்டினார். குடம் வாங்கும்போது நம் பெண்கள் சுண்டிப் பார்ப்பார்களே, அதுபோல. ஓரிதழ் கணீரென்றது. அடுத்ததும் கணீரென்றது. மூன்றாவது இதழோ மண்சட்டிபோற் பேசாமல் இருந்தது. பாசியை வழித்துப் பார்த்தார். மஞ்சள் நிறம் போய் இளஞ்சிவப்பாய் ஒரு பரப்பு.

“சென்ற ஆண்டும் இதையே ஊற்றினாரா என்று கேளும்.”

கேட்டோம். ஊற்றியிருந்தார், அதுவும் இரவு முழுவதும்.

நடந்தது யாதெனில், வலிய அமிலம் பித்தளையின் நாகத்தைக் கரைத்துக் கொண்டுபோய், செம்பை மட்டும் கடற்பஞ்சுபோல் துளையுள்ளதாய் விட்டுச்சென்றது. வடிவம் மாறாது, வலிமை போய்விடும். அப்படியான இதழ் அலையின் நடுவே முறியக்கூடும். கரையிலிருந்து தூரத்தில் விசிறி முறிந்தால் என்ன நேரும் என்பதைக் கடற்றொழிலாளிக்கு நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இதை எமது தாய்மார் வேறு வகையில் அறிந்திருந்தனர். பித்தளைக் குத்துவிளக்கைப் பழப்புளியால் துலக்குவார்கள். புளியில் இருப்பது தாத்தாரிக் அமிலம். ஆனால் எந்தத் தாயாவது விளக்கைப் புளிக்கரைசலில் இரவு முழுவதும் ஊறவிட்டதுண்டா? தேய்த்தவுடன் கழுவி, துணியால் ஒற்றி, வெயிலிற் காயவைப்பார்கள். மெலிய அமிலம், குறுகிய நேரம், உடனே கழுவுதல். விசிறிக்கு வேண்டியதும் இம்மூன்றே.

அலுமினிய விசிறியாயின் நிலைமை வேறு. அலுமினியத்தைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படலம். ஐதரோகுளோரிக் அமிலம் அதை உரித்து, உலோகத்தையே கரைத்து, எரியக்கூடிய ஐதரசன் வாயுவை எழுப்பும். கறையில் உருக்கு எனப்படும் எவர்சில்வரும் தப்பாது. குளோரைட்டு அதிற் புள்ளிபுள்ளியாய்க் குழி தோண்டும்.

செய்முறை

பெரியவர் சொன்னதையும் நாம் பின்னர் படித்தறிந்ததையும் சேர்த்துத் தருகிறோம்.

படகு நீரைவிட்டு ஏறிய அன்றே வேலையைத் தொடங்க வேண்டும். ஈரம் காயுமுன் கொட்டலசு இலகுவில் உரியும், காய்ந்தால் கல்லாகிவிடும். முதலில் அழுத்த நீர். பின்னர் மரத்தாலோ பிளாஸ்ரிக்காலோ ஆன சுரண்டி. இரும்புக் கம்பித் தூரிகை வேண்டாம். இவ்வளவிலேயே பெரும்பகுதி போய்விடும். எஞ்சுவது வட்ட வட்டமாய் ஒட்டியிருக்கும் வெள்ளை அடித்தட்டு. அமிலத்துக்கு வேலை அங்கேதான்.

பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் ஒரு லீற்றர் குளிர்நீரில் 50 கிராம் சித்திரிக் அமிலத் தூள் கரைத்தாற் போதும். இது பல்பொருட் கடைகளிற் கிடைக்கும். கேத்தலின் காவியகற்ற நம் வீடுகளிலும் உண்டு. சூடாக்க வேண்டாம். சூட்டில் கரையாத உப்பு ஒன்று உண்டாகி மீண்டும் படியும். துணியை அதில் நனைத்து இதழிற் சுற்றி, கால் மணி நேரத்துக்கொருமுறை பிரித்துப் பார்த்து, வட்டம் இளகியதும் சுரண்டி எடுக்க வேண்டும். நாகத்துண்டை முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும்; தண்டின் றப்பர் அடைப்பில் அமிலம் படக்கூடாது. முடிந்ததும் நிறைய நீர், பின்னர் சோடாக் கரைசல், மீண்டும் நீர். அலுமினியமாயின் சுரண்டியோடும் சவர்க்கார நீரோடும் நிறுத்திக்கொள்வதே அறிவு.

வழிந்த நீரை மண்ணிலோ மழைநீர்க் கானிலோ விடலாகாது. அதிற் செம்பும் பழைய பூச்சின் நஞ்சும் உண்டு. ஒரு காலத்திற் படகுப் பூச்சுகளிற் சேர்க்கப்பட்ட வெள்ளீயச் சேர்மங்கள் சிப்பியினங்களைப் பாழாக்கியமையால், 2001இற் கையெழுத்தாகி 2008இல் நடைமுறைக்கு வந்த உலக உடன்படிக்கை அவற்றைத் தடைசெய்தது. தளங்களில் இதற்கென அமைந்த கழுவுமிடத்திற் செய்வதே முறை. மீந்த அமிலத்தை நகரசபையின் நச்சுப்பொருள் சேகரிப்பிடத்திற் கொடுக்கலாம்.

எம் அனுபவம்

வள்ளமும் விசிறியும் இல்லாத குடும்பத்துக்கு இதனால் என்ன பயன் என்று சிலர் வினவக்கூடும். படகு இல்லாத வீடு உண்டு. போத்தல் இல்லாத வீடு இல்லை. அத்தோடு எம்மவரில் எத்தனையோ பேர் இந்நாட்டில் முதன்முதற் பற்றிய வேலை துப்புரவு வேலையே.

1990களின் நடுப்பகுதியில் நாமும் விடியற்புறத்தில் அலுவலகக் கழிவறைகள் கழுவினோம். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். கையுறை தரப்படவில்லை, போத்தலில் எழுதியிருந்த டொச் எமக்கு விளங்கவில்லை. காவிக்கு ஒரு போத்தல், வெளுக்க ஒரு போத்தல் எனத் தந்தார்கள். இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்பாய் வெளுக்கும் என்று நாமே எண்ணிக்கொண்டோம். ஒரு நொடியில் மூச்சு அடைத்தது. கண்ணும் தொண்டையும் எரிந்தன. அன்று சன்னல் திறந்திருந்தமையால் இன்று இப்பத்தியை எழுதுகிறோம்.

அமிலமும் வெளுப்புத் திரவமும் சேர்ந்தால் எழுவது குளோரீன் வாயு. முதலாம் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22ஆம் நாள், பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே எதிரிகளைக் கொல்ல ஜேர்மன் படை திறந்துவிட்ட அதே வாயு. அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கலாம். ஆகையால் ‘இப்போது சுகம்’ என்று வீட்டில் இருந்துவிடாது வைத்தியரை நாட வேண்டும்.

நாம் அன்று அறியாதிருந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1996ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாப்புக்கான செலவை முதலாளி தொழிலாளியின் தலையிற் சுமத்த முடியாது. கையுறையும் கண்ணாடியும் தருவது அவர் கடமை. அபாயப் பொருட்களைக் கையாளும் முறையைத் தொழிலாளிக்கு விளங்கும் மொழியிலே எடுத்துரைக்க வேண்டும் என்றும் விதி உண்டு. விளங்கவில்லை என்று சொல்வது வெட்கமன்று, உரிமை.

ஒவ்வொரு வீட்டிலும் இவற்றை நினைவிற் கொள்க. செம்மஞ்சட் சதுரத்துள் இருந்த பழைய அபாயக் குறி மாறிவிட்டது. இன்று சிவப்பு ஓரமிட்ட சரிசதுரத்துள் கையும் உலோகமும் அரிபடும் படம் இருந்தால் அது அரிக்கும் பொருள். நீரில் அமிலத்தை ஊற்றுக. அமிலத்தில் நீரை ஊற்றற்க. இரு போத்தல்களை ஒருபோதும் கலவற்க. குளிர்பானப் போத்தலில் அமிலத்தை ஊற்றி வையற்க, குழந்தைகள் அறியமாட்டார்கள். கண்ணிற் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரிற் கழுவிக்கொண்டே 112ஐ அழைக்க. விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யற்க. சக்சன் மாநிலத்தவருக்கு ஏர்ஃபுர்ட் நகரிலுள்ள நச்சுத் தகவல் நிலையமும் தொலைபேசியில் வழிகாட்டும். அதன் இலக்கத்தை இன்றே எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுக.

அயலவரின் விசிறியைத் திருத்துமிடத்திற் காட்டியபோது, மூன்றாவது இதழ் கெட்டது, புதிது மாட்டுக என்றனர். அவர் பெரியவருக்குக் காசு கொடுக்க வந்தார். பெரியவர் வாங்கவில்லை. பங்குனிக்குப் பின் படகு கடலுக்குப் போகும்போது தன்னையும் ஏற்றிச்செல்லும்படி மட்டும் கேட்டார். 1990இல் மயிலிட்டியை விட்டு வெளியேறியவர் அவர். 2017 யூலை 3ஆம் நாள் அத்துறைமுகம் மக்களிடம் மீளக் கையளிக்கப்பட்டபோது, தொலைக்காட்சியிற் பார்த்ததோடு சரி. இடுப்பு வலி நெடும்பயணத்துக்கு விடவில்லை.

“புது விசிறியை இந்த முறை நான்தான் கழுவுவன் எண்டு சொல்லும்” என்றார். அதையும் டொச்சில் மொழிபெயர்த்தோம். அயலவர் தலையாட்டினார்.

அடுத்த வாரம், குளிர்கால வீடுகளிற் சுவரிற் பூக்கும் பூஞ்சணம் பற்றி எழுதுவோம்.